எப்போதும் ஒரு கால் தரையில்

ஜூன் 3

அன்புள்ள கொக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடுவதற்குள் ஒரு வரியாவது கண்ணில் பட்டுத்தான் தீரும். அதனால் முக்கியமானதை மேலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்றிவிட்டார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள்.

வயதுக்கு இது சீக்கிரம்தான் என்றார் மருத்துவர். முப்பதில் கிழித்துக்கொண்ட காலோடு பதினாலு வருடம் ஓட்டியதே பெரிது என்றும் சொன்னார். இப்போது நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போகிறேன். இருபத்திரண்டு அடி. வேக நடையில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனவள்! உன் அண்ணன் கூடவே வந்து எண்ணுகிறார். பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு என்கிறார். கேட்டால், "உன்னை உற்சாகப்படுத்தறேன்மா" என்று ஒரு சிரிப்பு.

அத்தை போனில் புலம்பினார்கள். "அவ நடக்கறதையே விட்டுட்டா. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்கும் வண்டியை எடுத்துட்டுப் போறா. ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கு. நான் பெத்தது நடக்கவே பிறந்ததுன்னு நினைச்சேன்" என்றார்கள்.

ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு கடிதம். நான் எத்தனை அடி வைத்தேன் என்று எழுதுகிறேன், நீ எவ்வளவு நடந்தாய் என்று எழுது. அவ்வளவுதான். சண்டையை அப்படியே பத்திரமாக வைத்திரு, அதை நான் தொடவில்லை.

உன்,
வாத்து

---

ஜூன் 10

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழுதும் படித்தேன். கிழிக்கவில்லை, அந்த அளவுக்கு ஆத்திரக்காரி இல்லை.

சண்டையைத் தொடவில்லையாம். என் கடைசிப் போட்டி அது. தேசிய அளவில் மூன்று முறை நான்காவதாக வந்தவள், அன்றைக்கு இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தேன். பதினெட்டாவது கிலோமீட்டர். இன்னும் இரண்டே கிலோமீட்டர். விதி எனக்கும் தெரியும், அண்ணி. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், நடுவர் வெறும் கண்ணால் பார்ப்பதுதான் தீர்ப்பு, மூன்று பேர் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே. மூன்றாவது அட்டையில் உன் கையெழுத்து. காய்ச்சலில் படுத்துவிட்ட நடுவருக்குப் பதில் உன்னை நிறுத்தலாமா என்று கேட்டபோது ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த முட்டாளும் நான்தான். உறவுக்காரி ஆயிற்றே என்று பார்த்தேன். நீ கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பாய் என்று கனவா கண்டேன்?

நடப்பதில்லை, உண்மைதான். ஆனால் சும்மா இருக்கிறேன் என்று அம்மா சொல்வது பொய். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? குடிநீர் வாரியத்தில் என்னைப் புகார் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எதிரே உட்கார்ந்து கத்துவார்கள், மேசைக்கு அடியில் என் கால் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைக்காரர், "மேடம், நீங்க ஆட்டற ஆட்டத்துல என் டீ கொட்டுது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இப்போது டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டை விட்டவர்களுக்கு எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொல்கிறார்கள்: "சும்மா உடம்புக்காகச் செய்யுங்க." அதையும் பார்த்தேன். நீச்சல் குளத்துக்குப் போனேன். பக்கத்துத் தடத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். ஏழாம் நாள் கரையில் வந்து, "ஏம்மா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? நான் தண்ணியில இறங்கினாலே நீங்க கோபமா நீந்தறீங்க" என்றார். தாம் ஒரு போட்டியில் இருப்பது பாவம் அவருக்குத் தெரியாது. ஐந்து முறை ஜெயித்திருக்கிறேன், இரண்டு முறை அவர். சைக்கிள் வாங்கினேன். பார்சல் கொண்டுபோகிறவரை முந்தப் போய் அவர் பயந்து சந்துக்குள் திரும்பிவிட்டார். நடன வகுப்பில், "கொஞ்சம் சிரிங்க" என்றார்கள், நின்றுவிட்டேன்.

பதினாறு வயதிலிருந்து இந்த உடம்பு ஒரு கோட்டை நோக்கித்தான் போயிருக்கிறது. கோடு இல்லாமல் எங்கே போவது? எல்லாவற்றையும் சொல், நடக்க மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
போட்டியாளர் எண் 27

பி.கு. மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கீழே அழுத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் மாதத்தில் கால் நேராகவில்லை என்றால் பிறகு எப்போதும் ஆகாது. அண்ணனை எண்ண விடாதே.

---

ஜூன் 18

அன்புள்ள கொக்கு,

நீச்சல் குளத்துப் பெரியவரை நினைத்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டது. உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். ஒன்றரை வருடமாக மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மனிதர். உன்னிடம் என் பேரைச் சொல்ல முடியாது, என்னிடம் உன் பேரைச் சொல்ல முடியாது.

துண்டு வைத்தியம் செய்கிறேன். உயிர் போகிறது. ஆனால் பயிற்சி கொடுக்க வருகிற பெண், "யார் சொல்லிக் கொடுத்தாங்க, சரியாப் பண்றீங்களே" என்றாள். "என் நாத்தனார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. விளையாட்டு விடுதியில் ஆறு வருடம் ஒரே அறையில் ஒரே வாளியில் துணி ஊறவைத்துக்கொண்டு, வாடி போடி என்று திரிந்தவர்கள் நாம், உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் உன்னை நாத்தனார் என்று நினைத்ததே இல்லை. நீயும் என்னை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டிருக்கிறாய். கோபம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்தது.

நேற்று தொண்ணூறு அடி.

நீ பத்து நிமிடம் நட. இலக்கு வேண்டாம், நேரம் வேண்டாம். கையில் அந்தக் கடிகாரம் இருக்கும்வரை உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் அதைக் கழற்றி எனக்குத் தபாலில் அனுப்பிவிடு. தொலைக்க மாட்டேன்.

வாத்து

---

ஜூன் 29

அண்ணி,

கடிகாரம் இதோடு வருகிறது. பஞ்சு சுற்றியிருக்கிறேன். தபால் அலுவலகத்தில், "உள்ளே என்ன?" என்று கேட்டார்கள். "என் கை" என்று சொல்ல இருந்தேன். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பேச்சைக் கேட்டு அல்ல, அம்மாவின் புலம்பல் தாங்காமல் நடந்தேன். முதல் நாள் தெருமுனை வரை. எதிர்வீட்டுக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டபடி, "என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றார். வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்துவிட்டேன். மறுநாள் ஆள் எழுவதற்கு முன் கிளம்பினேன். பரவாயில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து நன்றாகவே இருக்கிறது. நீங்கள் இங்கே இருந்தபோது ரொட்டி வாங்குவாயே, அந்தக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது கடை வாசலைத் தாண்டுகிறேன். ஆற்றோரமாகவே போனால் ரயில்வே கேட். நான் போய்ச் சேரவும் முதல் வண்டிக்காகக் கேட் மூடவும் சரியாக இருக்கிறது. நாலு நாளாக அப்படியே நடக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். இன்றைக்கு அலுவலகத்தில் டீ கொட்டவில்லை.

வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், கொசு கடித்த அளவுக்கு ஓரிடம் வலிக்கிறது. பழக்கம் விட்டுப்போனதால் இருக்கும்.

உனக்கு எத்தனை அடி?

27

---

ஜூலை 7

கொக்கு,

இருநூற்று நாற்பது. அதைப் பிறகு பேசுவோம்.

ரொட்டிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவது ஆறு மணிக்கு. நாலு வருடம் அவர் கடை வாசலில் காத்திருந்தவள் நான், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது. ரயில்வே கேட் மூடுவது ஆறு இருபத்தைந்துக்கு. கடையிலிருந்து கேட்டுக்கு ஆற்றோரமாக ஐந்து கிலோமீட்டர். அளந்தவர்களே நாம்தான், ஞாபகம் இருக்கிறதா? நாடா பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு.

ஐந்து கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிடத்தில் கடக்கிறவள் உடம்புக்காக நடக்கவில்லை. கடிகாரத்தை எனக்கு அனுப்பிவிட்டு ரயிலையும் ஷட்டரையும் கடிகாரமாக்கிக்கொண்டாய். பழைய குருடி கதவைத் திறடி! அந்தக் கொசுக்கடி எனக்குப் பயமாக இருக்கிறது. எலும்பில் விரல் நுனியளவு ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அது என்னவென்று உனக்கே தெரியும். போய்ப் படம் எடுத்துப் பார்.

பிஸ்கட் பெட்டியை வெட்டி மஞ்சள் வண்ணம் பூசி ஓர் அட்டை செய்திருக்கிறேன். உன் அண்ணனின் கைவண்ணம், விளிம்பு கோணலாகத்தான் இருக்கும். எச்சரிக்கை. எண் 27.

வாத்து

---

ஜூலை 13

அட்டை அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது?

உறையைப் பிரித்தேன், மஞ்சளாக மடியில் விழுந்தது. அலுவலகத்தில், பத்துப் பேருக்கு நடுவில். சட்டென்று இழுப்பறைக்குள் தள்ளி மூடினேன். "யாராவது இறந்துட்டாங்களா மேடம்?" என்று பக்கத்து மேசை டீக்காரர் கேட்டார். விளையாட்டுக்குச் செய்தாயா? உனக்கு எது விளையாட்டு, எது வினை என்று எப்போதாவது தெரிந்திருக்கிறதா?

சரி, எல்லாவற்றையும் கேட்டுக்கொள். ஐந்து கிலோமீட்டர் இல்லை. கேட் மூடும்போதே அந்தப் பக்கம் நுழைந்து, இன்னும் தூரம் போய்த் திரும்பி வருகிறேன். பதினைந்து. தினமும். செப்டம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து கிலோமீட்டர் வேக நடைப் போட்டி. பேர் கொடுத்துவிட்டேன். படமும் எடுத்தாயிற்று. மயிரிழை விரிசல். மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆறு வாரம் நிறுத்துங்க. நிறுத்தலைன்னா எலும்பு உடையும். தகடு வச்சு ஆணி அடிக்கணும். அதுக்கப்புறம் போட்டி என்ன, வீட்டுக்குள்ள நொண்டாம நடக்கறதே சந்தேகம்."

மறுநாளும் போனேன். இன்று காலையும் போனேன். அம்மாவுக்குத் தெரியாது. நீ சொன்னால் உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

உனக்குப் புரியாது. நின்றுவிட்டால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதுதான் நான். அந்தப் போட்டியில் கோட்டைத் தாண்டிவிட்டால் அடங்கிவிடும். ஒரே ஒரு முறை. என்னிடமிருந்து நீ பிடுங்கிக்கொண்ட இரண்டு கிலோமீட்டர் எனக்கு வேண்டும். பிறகு கால் என்ன ஆனால் என்ன?

---

ஜூலை 19

கொக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணன் நாலு முறையும் காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ நிறுத்த மாட்டாய், இன்னும் சீக்கிரமாக எழுந்து போவாய், அவ்வளவுதான். உன்னை நிறுத்த என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் நீ என்னை மொத்தமாக விட்டுவிடலாம். பரவாயில்லை, உன் கால் முக்கியம்.

அந்த நாளில் பதினேழாவது கிலோமீட்டரில் என் முன்னால் நீ வந்தபோது மஞ்சள் பலகையைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் நின்ற நடுவர் பார்த்துவிட்டார். "உங்க வீட்டுப் பொண்ணுதானே?" என்றார். ஒரு மாதிரியாகச் சிரித்தார். நான் யோக்கியமானவள் என்று அந்த மனிதருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. உன்மேலும் ஆத்திரம், நான் சலுகை காட்டுவேன் என்று எப்படி நினைத்தாய் என்று. அடுத்த சுற்றில் நீ வருவதற்கு முன்பே என் கை பேனாவைத் திறந்துவிட்டது. கொக்கு, அதைத்தான் சொல்ல வந்தேன். முன்பே. அப்புறம் நீ வந்தாய், இரண்டு காலும் தரையை விட்டதைப் பார்த்தேன், எழுதினேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பார்த்ததால் எழுதினேனா, எழுத வேண்டும் என்றிருந்ததால் பார்த்தேனா? ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கும் நான் நடுவராகப் போகவில்லை. முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நீ திட்டினால் தாங்குவேன். நொண்டினால் தாங்க மாட்டேன்.

என் பையில் மிச்சமிருந்த நிஜமான சிவப்பு அட்டை ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். எண் எழுதவில்லை, காரணம் எழுதவில்லை, கையெழுத்துப் போடவில்லை. உனக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. நடுவர் நீயே. இருந்தாலும் ஒரு கெஞ்சல். நிறுத்துடி.

வாத்து

---

ஆகஸ்ட் 2

அடி வாத்து,

பத்து நாள் எழுதவில்லை. முதல் மூன்று நாள் உன்னைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பதினைந்து கிலோமீட்டர் போனேன். "பார்க்கறதுக்கு முன்னாடியே பேனாவைத் திறந்திருக்கா! எனக்கு அப்பவே தெரியும்!" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். ரொட்டிக்கடைக்காரர் கும்பிட்டார், பதிலுக்குக் கும்பிடவில்லை.

நான்காம் நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு நிமிடம் பின்தங்கிவிட்டேன், கால் வலி. வண்டி போகும்வரை நிற்க வேண்டியதாயிற்று. நிற்கும்போதுதான் எனக்கு எல்லாம் வந்து தொலைக்கும். அதற்காகத்தானே நிற்பதே இல்லை.

எனக்குத் தெரியும், வாத்து. அதைத்தான் எழுத இவ்வளவு நாளாயிற்று.

பதினாறாவது கிலோமீட்டரிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்னால் போனவள் பத்து மீட்டர் தூரத்தில் இருந்தாள், நடந்தால் பிடிக்க முடியாது. ஓடினேன். ஓடினேன் என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு ஓடினேன். அந்த இடைவெளி எவ்வளவு என்று உன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், என் பாதத்துக்குத் தெரியும். நீ மஞ்சளைக் காட்டினாய். நான் எதற்குக் கண்ணடித்தேன் என்று நினைக்கிறாய்? விளையாட்டுக்கா? "விட்டுடு, வாத்து" என்றேன். அதுதான் அதற்கு அர்த்தம். நீ விடவில்லை. அந்த ஆத்திரத்தில் ஒன்றரை வருடம் உன்னைக் கள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடப்பதை ஏன் விட்டேன் தெரியுமா? வேகம் பிடித்ததும் அந்த இடம் வரும். இரண்டு காலும் மேலே இருக்கிற அந்தத் துளி நேரம். உடனே உன் மஞ்சள் பலகை கண்முன் வந்து நிற்கும். போட்டிக்குப் பேர் கொடுத்ததும் ஜெயிக்க அல்ல, ஒருமுறை நேர்மையாகக் கோட்டைத் தாண்டி அதை அழித்துவிடலாம் என்றுதான். ஆனால் அந்த ஆற்றோரத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். பார்க்க ஆளில்லாத இடத்தில்கூட!

அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண் 27. காரணம் என்ற இடத்தில் வளைகோடு போட்டிருக்கிறேன், கால் தரையை விட்டதற்கான குறி. தேதியைப் பார். இந்த வருடத்துத் தேதி இல்லை, அந்த டிசம்பர் ஞாயிறு. கையெழுத்து என்னுடையது. நீ கோபத்தில் எழுதினாயோ, கண்ணால் பார்த்து எழுதினாயோ, சரியாகத்தான் எழுதினாய். பேனாவை இனி மூடிவிடு.

போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டேன். காலுக்கு முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பூட்ஸ் மாட்டியிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஆட்ட முடியவில்லை. டீக்காரருக்குக் கொண்டாட்டம், டம்ளரை மேசையிலேயே வைக்கிறார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது. இது போகுமா, போகாதா என்று தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன். உட்கார்ந்தே அழுதது இதுதான் முதல் தடவை.

எத்தனை அடி, சொல்.

கொக்கு

---

செப்டம்பர் 14

என் கொக்கு,

பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள் என்று அத்தை சொன்னார்கள். "மெதுவாப் பத்து நிமிஷம் நடக்கலாம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது" என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னார்கள். "மெதுவாங்கற வார்த்தையை ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன்" என்று பெருமை வேறு.

எண்ணூற்றுப் பத்து அடி. சட்டம் போய்க் கைத்தடி வந்தாயிற்று. அதற்கு உன் கடிகாரம்தான் காரணம். அலமாரிக்குள் இருந்துகொண்டு தினமும் காலை நாலே முக்காலுக்குக் கத்துகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உன் அண்ணன் முதல் வாரம் தலையணையால் அமுக்கிப் பார்த்தார். இரண்டாவது வாரம், "எழுந்து தொலைச்சாச்சு, நடந்தாவது தொலைப்போம்" என்றார். தெருவில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒரு ஜீவன் இருக்காது. அவர் இப்போதும் எண்ணுகிறார். எண்ணூற்றுப் பத்து என்றால் எழுநூற்று ஐம்பது என்று வைத்துக்கொள்.

உன் அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று கடிகாரத்தோடு சேர்த்து வைத்துவிட்டேன். இரண்டும் உன்னுடையது, இரண்டையும் தபாலில் அனுப்ப மாட்டேன்.

வரும் 21 ஞாயிறு. உன் போட்டி நாள். அன்றைக்கு நீ வீட்டில் இருந்தால் சுவரில் முட்டிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கே வந்துவிடு. பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் வாசல் வரை நானூறு மீட்டர். நீ அங்கிருந்து கிளம்பு, நான் இங்கிருந்து கிளம்புகிறேன். நான் தடியோடு வருவேன், நீ என்னைவிட வேகமாக வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுவேன். பத்து நிமிடத்தில் எங்கேயோ நடுவில் சந்திப்போம். அங்கே கோடு எதுவும் போட்டிருக்காது.

என் கையில் அட்டையும் இருக்காது. என்னைப் பார்த்ததும் கண்ணடி. இந்தத் தடவை நானும் கண்ணடிக்கிறேன்.

வாத்து